விசுவாசியின் வகுப்பறை

ஒரு தெய்வத்தை மனமார நம்பி, அந்த நம்பிக்கையின் வெளிப்பாடாகவே சங்கீதம் இயற்றுகிற ஒருவர், அந்தத் தெய்வத்தை ஏற்காத மாணவருக்குத் தம் வித்தையைக் கற்பிக்க முடியுமா, முடியுமானால் அவர் கொடுப்பது எது, தம்மிடமே நிறுத்திக்கொள்வது எது என்ற கேள்வி, கீர்த்தனங்களைக் கேட்டு வளர்ந்த நமக்குப் புதியதன்று. பக்தியில்லாத பாட்டு பிரேத அலங்காரம் என்று சொல்வோர் ஒரு பக்கமும், சுருதியும் லயமும் சுத்தமாயிருந்தால் போதும், நம்பிக்கை அவரவர் அந்தரங்கம் என்று சொல்வோர் மறு பக்கமுமாக நம் சபைகளில் இந்த விவாதம் வெகுகாலமாக நடந்து வருகிறது. இரு கட்சியாரும் தம் மரபுக்குள்ளிருந்தே சாட்சிகளை அழைப்பதால் தீர்ப்பு எப்போதும் வழக்கு தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. நம் மரபுக்குத் தூரத்தில், வேறு சமயத்தில், வேறு சங்கீதத்தில், இதே கேள்வியை ஆயுள் முழுவதும் சுமந்த ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் ஒருகால் தெளிவு பிறக்கலாம் என்ற எண்ணத்தினால், பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளரும் ஆசிரியருமான ஒலிவியே மெஸ்ஸியானைப் பற்றிச் சிறிது விரிவாக எழுதத் துணிகிறேன்.

மெஸ்ஸியான் 1908-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி அவிஞ்ஞோன் நகரில் பிறந்தார். தந்தை பியேர் ஆங்கில ஆசிரியர். ஷேக்ஸ்பியரைப் பிரெஞ்சில் பெயர்த்தவர். தாய் செசில் சொவாழ் கவி. மகன் வயிற்றிலிருக்கும்போதே அவனை முன்னிட்டு ஒரு கவிதைத் தொகுதி இயற்றியவர். தாம் பிறவியிலேயே விசுவாசி என்று மெஸ்ஸியான் பிற்காலத்தில் சொல்லுவதுண்டு. அவருடைய கத்தோலிக்க நம்பிக்கை யாரும் போதித்து வந்ததாகவோ, பெருந்துயரம் ஒன்றின் பின் அடைக்கலமாக வந்ததாகவோ தெரியவில்லை. பத்து வயதில் அவருடைய ஆசிரியர் ஒருவர் தெபுஸ்ஸியின் 'பெலியாசும் மெலிசாந்தும்' என்ற இசைநாடகத்தின் ஸ்வரப் பிரதியைக் கையில் கொடுக்க, அந்த நாளிலிருந்து அவருடைய பாதை நிச்சயமாயிற்று. பதினொரு வயதில் பாரிஸ் கான்சர்வத்வார் என்னும் அரசாங்க சங்கீதக் கல்லூரியில் சேர்ந்து, போல் டுகாவிடம் இசையமைப்பும் மார்செல் டுப்ரேயிடம் ஆர்கன் வாத்தியமும் பயின்றார். 1931-இல் பாரிஸ் நகரத்துத் திரித்துவ தேவாலயத்தில் ஆர்கன் வித்துவானாக அமர்ந்தவர், 1992-இல் மரிக்கும்வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பதவியை விடவில்லை. உலகப் புகழ் வந்தபின்னும் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு வாசிக்கும் கடமையைத் தம் முதன்மையான கடமைகளுள் ஒன்றாகவே அவர் கருதினார்.

யுத்த காலத்தில் படையில் சேர்க்கப்பட்டு, 1940-இல் ஜெர்மானியரால் சிறைப்பிடிக்கப்பட்டு, கெர்லிட்ஸ் ஊரருகே இருந்த யுத்தக் கைதிகள் முகாமுக்கு அவர் கொண்டுபோகப்பட்டார். சிறைப்பட்ட புதிதில், இன்னும் பிரான்சிலேயே இருந்தபோது, சக கைதியான கிளாரினெட் வித்துவான் ஆன்ரி அகோக்காவுக்காகத் தனிக் கிளாரினெட் உருப்படி ஒன்றை எழுதியிருந்தார். முகாமில், ப்ரூல் என்ற ஜெர்மானியர் ரகசியமாகக் கொடுத்த காகிதத்திலும் பென்சிலிலும், அதைச் சுற்றி எட்டுப் பகுதிகள் கொண்ட 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை' உருவாயிற்று. 1941 ஜனவரி 15-ஆம் தேதி, கொடுங்குளிரில், கைதிகளும் காவலர்களும் ஒன்றாக அமர்ந்து கேட்க, அகோக்கா கிளாரினெட்டும் ழான் லெ புலேர் வயலினும் எத்தியேன் பாஸ்கியே செல்லோவும் வாசிக்க, மெஸ்ஸியான் பியானோவில் அமர்ந்து அதை அரங்கேற்றினார். கேட்டவர் ஆயிரக்கணக்கானோர் என்று மெஸ்ஸியானும், சில நூறு பேரே என்று மற்றவர்களும் சொன்னார்கள். செல்லோவில் மூன்று தந்திகளே இருந்தன என்றார் மெஸ்ஸியான், நான்கும் இருந்தன என்றார் அதை வாசித்த பாஸ்கியே. இந்தக் கணக்குகள் எப்படியிருந்தாலும், நம் கேள்விக்கு முக்கியமான விஷயம் ஒன்று அந்தக் கூடத்தில் நடந்தது. கிறிஸ்தவத் திருவெளிப்பாடு நூலின் பத்தாம் அதிகாரத்தில், இனிக் காலம் இராது என்று அறிவிக்கும் தேவதூதனுக்குக் காணிக்கையாக எழுதப்பட்ட அந்த இசையில், இருள் நிறைந்த பாதாளத்திலிருந்து பறவைக் குரல்கள் எழும்பும் மூன்றாம் பகுதியைத் தன்னந்தனியாக வாசித்து நிறைவேற்றிய அகோக்கா, ஒரு யூதர். கத்தோலிக்கரின் தரிசனம் உலகுக்குக் கேட்க வேண்டுமானால் யூதரின் மூச்சு வேண்டியிருந்தது. சில மாதங்களுக்குப் பின் அகோக்கா ரயிலிலிருந்து குதித்துத் தப்பினார். கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடியே குதித்தார்.

காலத்தின் முடிவைச் சங்கீதத்தால் சொல்ல முடியுமா என்பது இலேசான கேள்வியன்று. சித்திரம் ஓரிடத்தில் நிற்கிறது, சிற்பம் நிற்கிறது, சங்கீதமோ காலத்தையன்றி வேறு உபாதானம் இல்லாதது. ஒரு ஸ்வரம் மறைந்தாலன்றி அடுத்த ஸ்வரம் பிறக்காது. அழிவையே உடலாகக் கொண்ட ஒரு கலை நித்தியத்தைப் பேச விரும்புவது விபரீதமான ஆசை என்று ஒரு தத்துவ ஆசிரியர் தள்ளிவிடக் கூடும். மெஸ்ஸியான் இந்த விபரீதத்தை நன்கு அறிந்தவர். அதற்கு அவர் கண்ட வழி நம் நாட்டிலிருந்து போயிற்று என்பது தமிழ் ரசிகர்களில் சிலரே அறிந்த செய்தி.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ அரசன் சிங்கணனின் ஆதரவில் வாழ்ந்த சார்ங்கதேவர், 'சங்கீத ரத்னாகரம்' என்ற தம் பெருநூலில் 120 தேசி தாளங்களை லட்சணத்தோடு அட்டவணைப்படுத்தினார். அந்த அட்டவணை, லவிஞ்ஞாக் என்பவர் பதிப்பித்த பிரெஞ்சுச் சங்கீதக் கலைக்களஞ்சியத்தின் வாயிலாக, மாணவப் பருவத்திலேயே மெஸ்ஸியானின் கண்ணில் பட்டது. நால்வர் இசையின் முதற் பகுதியில், ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தேசி தாளங்களை அடுத்தடுத்துக் கோத்து, 17 கால அளவுகள் கொண்ட ஒரு மாலையாக்கிப் பியானோவுக்குக் கொடுத்தார். அந்த மாலை முடிந்து முடிந்து மறுபடி தொடங்கிக்கொண்டேயிருக்க, அதன்மேல் 29 ஸ்வரக்கூட்டுகள் கொண்ட வேறொரு மாலையும் அதே விதமாகச் சுழல்கிறது. 17-ம் 29-ம் பகா எண்கள். ஆகையால் இவ்விரண்டும் தொடங்கிய புள்ளியில் மீண்டும் ஒன்று சேர 493 அளவுகள் கடந்தாக வேண்டும். அதற்கு வெகு முன்பே அவர் அந்தப் பகுதியை நிறுத்திவிடுகிறார். செல்லோவோ 5 ஸ்வரங்களை 15 கால அளவுகளில் தன் போக்கில் சுழற்றிக்கொண்டிருக்க, வயலினும் கிளாரினெட்டும் விடியற்காலைப் பறவைகளாகக் கூவுகின்றன. நாம் கேட்பது ஒரு சுழற்சியின் சிறு துண்டு மாத்திரமே. அதன் முழுமை நம் செவிக்கு அப்பால் எங்கோ பூர்த்தியாகிக்கொண்டிருக்கிறது என்று அந்த இசையின் கட்டுமானமே சொல்லுகிறது. நித்தியத்தைப் பற்றி அவர் பிரசங்கம் செய்யவில்லை. கணக்கைக் கொண்டு அதன் திசையைக் காட்டினார்.

இங்கே நம்மவர் ஒருவர் எழுந்து ஆட்சேபம் செய்தால் அது நியாயமானதே. தாளத்தை மெஸ்ஸியான் எந்த வித்துவான் எதிரிலும் உட்கார்ந்து கையால் போட்டுக் கற்கவில்லை, ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். நமக்குத் தாளம் என்பது சமத்துக்குத் திரும்புகிற ஆவர்த்தம். எவ்வளவு தூரம் போனாலும் வந்து சேர வேண்டிய வீடு ஒன்று உண்டென்ற உறுதியில்தான் மிருதங்க வித்துவான் கோர்வையை வைக்கிறார், வந்து சேரும் கணத்தில்தான் சபை முழுவதும் தலையசைக்கிறது. மெஸ்ஸியானுக்கோ தாளம் என்பது நீண்டதும் குறுகியதுமான கால அளவுகளின் வரிசை. எண்ணும் கையும் இல்லை, சமமும் இல்லை. இது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த இழப்பிலிருந்து அவர் செய்துகொண்டதைப் பார்க்கும்போது குறை சொல்ல மனம் வரவில்லை. சமத்தை அவர் ஒழிக்கவில்லை. இகத்திலிருந்து எடுத்துப் பரத்தில் வைத்தார். நம் கச்சேரியில் ஒவ்வோர் ஆவர்த்தத்திலும் கிடைக்கிற அந்த இளைப்பாறல், அவருடைய சங்கீதத்தில் மரணத்துக்குப் பின்னரே கிடைப்பதாக ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு சமயங்கள் காலத்தைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணங்களின் வித்தியாசமே இந்த இரண்டு தாளங்களின் வித்தியாசமாக நிற்பதைக் காணும்போது, சங்கீதம் தத்துவத்தைவிடத் துல்லியமான சாஸ்திரமோ என்று தோன்றுகிறது.

முகாமிலிருந்து விடுதலையாகி வந்த அதே 1941-இல் கான்சர்வத்வாரில் அவர் ஆசிரியரானார். 1978 வரை அங்கே கற்பித்தார். முதலில் கொடுத்தது ஹார்மனி வகுப்பு. 1947-இல் அவருக்கென்றே ஓர் ஆராய்ச்சி வகுப்பை ஏற்படுத்தினார்கள். இசையமைப்பு ஆசிரியர் என்ற பட்டத்தைக் கொடுக்க அந்தக் கல்லூரிக்கு 1966 வரை ஆயிற்று, அதற்குள் உலகின் பாதி இளம் இசையமைப்பாளர்கள் அவரிடம் இசையமைப்புத்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வகுப்பில் மொஸார்ட்டும் தெபுஸ்ஸியும் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு'ம் பேசப்பட்டது எதிர்பார்க்கக் கூடியதே. அவற்றோடு பழைய கிரேக்கச் செய்யுளின் அசைக் கணக்கும், சார்ங்கதேவரின் தாளங்களும், பாலித் தீவின் கமேலான் இசையும், தேவாலயங்களின் கிரிகோரியன் கீதமும், காட்டுப் பறவைகளின் குரலும் ஒரே மேஜையில், ஒரே மரியாதையோடு வைக்கப்பட்டன. பியானோவில் அமர்ந்து முழு வாத்தியக் குழுவின் பிரதியையும் பார்த்து வாசித்துக்கொண்டே, ஒவ்வோரிடத்திலும் என்ன நடக்கிறதென்று அவர் விளக்குவார். அந்த வகுப்பில் போதிக்கப்படாதது ஒன்றே: அவருடைய மதம்.

அங்கே வந்த மாணவர்களின் பட்டியலைப் பார்ப்பவர் திகைத்துப் போவார். பியேர் புலேஸ் இளமையில் கற்ற கத்தோலிக்கத்தை உதறியவர். யானிஸ் செனாக்கிஸ் நாஸ்திகர். கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் வந்தபோது கத்தோலிக்கர், பின்னர் தமக்கென்று ஒரு பிரபஞ்ச சமயத்தைக் கண்டுகொண்டவர். ழெரார் கிரிசேயும் திரிஸ்தான் முராயும் ஒலியின் பௌதிகத்தையே பிரமாணமாகக் கொண்ட புதிய பள்ளியைத் தொடங்கினார்கள். ஜார்ஜ் பெஞ்ஜமின் பதினாறு வயதுப் பையனாக இங்கிலாந்திலிருந்து வந்தார். கல்லூரிப் பதவியிலிருந்து விலகிய பின்னும் சீனத்திலிருந்து வந்த சென் சிகாங்கைத் தனியே ஏற்றுக்கொண்டார். அவரே கடைசி மாணவர். இவர்களில் எவரும் தம் ஆசிரியரின் விசுவாசத்தைத் தொடர்ந்து சங்கீதமாக்கவில்லை.

செனாக்கிஸின் கதையைச் சிறிது நின்று பார்க்க வேண்டும். கிரேக்க நாட்டுப் போராட்டத்தில் முகத்தில் குண்டுபட்டு ஒரு கண்ணை இழந்து, அகதியாகப் பாரிசுக்கு வந்து, கட்டடக்கலைஞர் லெ கொர்புஸியேயின் அலுவலகத்தில் இஞ்சினீயராக வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர், முப்பது வயதை நெருங்கிய நிலையில், ஹார்மனியும் கவுன்டர்பாயின்டும் அடிப்படையிலிருந்து கற்க வேண்டுமா என்று மெஸ்ஸியானைக் கேட்டார். வேறு யார் வந்து கேட்டிருந்தாலும் ஆமென்றே சொல்லியிருப்பார் மெஸ்ஸியான். அது அவர் தாமே கற்பித்த பாடம். ஆனால் இவரை உற்று நோக்கியவர், வேண்டாம், நீர் கிரேக்கர், உமக்குக் கணிதம் தெரியும், கட்டடம் தெரியும், அவற்றையே உம் சங்கீதத்தில் கொண்டுவாரும் என்ற கருத்தில் பதில் சொன்னார். 1955-இல் டோனாவெஷிங்கனில் ஒலித்த 'மெட்டாஸ்டாசிஸ்' என்ற படைப்பு அந்தப் பதிலின் பலன். கற்றுக்கொடுக்காமல் விட்டது ஓர் ஆசிரியரின் மிகப் பெரிய உபதேசமாக ஆன சந்தர்ப்பங்கள் சங்கீத சரித்திரத்தில் அதிகம் இல்லை.

இந்தப் பெருந்தன்மையை, மதத்தை வீட்டில் வைத்துவிட்டு வகுப்புக்கு வந்த ஒருவரின் நாகரிகம் என்று சிலர் வியாக்கியானம் செய்கிறார்கள். அது தவறு என்பதே என் துணிவு. மெஸ்ஸியான் தம் நம்பிக்கையை மறைத்து வைத்தவர் அல்லர். 1945-இல் 'குழந்தை இயேசுவின்மேல் இருபது பார்வைகள்' என்ற பியானோ நூலும் 'மூன்று சிறு வழிபாடுகள்' என்ற படைப்பும் அரங்கேறியபோது, அவற்றோடு அவர் எழுதி இணைத்த சமய விளக்கங்களைக் கண்டு பாரிஸ் விமர்சகர்கள் பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடத்தினார்கள்; அவர் ஒரு வரியையும் திரும்பப் பெறவில்லை. மாணவரை வற்புறுத்தாததற்குக் காரணம் நம்பிக்கையின் குறைவு அல்ல, நிறைவு. சிருஷ்டி முழுவதும் சிருஷ்டிகர்த்தாவின் வாக்கு என்று உண்மையாகவே நம்புகிறவருக்கு, கிரேக்கக் கணிதமும் இந்தியத் தாளமும் பாலித் தீவின் வெண்கலமும் அந்நியப் பொருள்கள் ஆகமாட்டா. உள்ளதை உள்ளபடி கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் மாணவன் கேட்பது எதுவாயினும் அது சத்தியத்தின் பகுதியாகவே இருக்கும் என்ற தைரியம் விசுவாசிக்கே வாய்க்கும். சத்தியத்தைத் தம் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதாக எண்ணுகிற மதவாதிக்கு வாய்க்காது.

பறவைகளிடம் அவர் நடந்துகொண்ட விதமே இதற்குச் சாட்சி. விடியலுக்கு முன் எழுந்து, பிரான்சின் மலைகளிலும் சதுப்புநிலங்களிலும் கடலோரங்களிலும் நின்று, பென்சிலும் காகிதமுமாக அவற்றின் குரல்களை ஸ்வரப்படுத்தினார். 1956 முதல் 1958 வரை எழுதிய 'பறவைகளின் அட்டவணை' என்ற பியானோ நூலின் 13 பகுதிகளிலும் பறவை மாத்திரம் அன்றி அது வாழும் பாறையும் நீரும் பொழுதும் கூட இசையாக வருகின்றன. பறவைக்கு அவர் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அதன் ஸ்வரத்தை அது பாடியபடி எழுதவே முயன்றார். மாணவரிடமும் அவர் வேறு விதமாக நடக்கவில்லை.

புலேஸ் ஆசிரியரின் 'துரங்கலீலா' சிம்பனியைக் கடுமையான வார்த்தைகளால் இகழ்ந்தவர். வடமொழிப் பெயரோடு 1949-இல் பாஸ்டனில் லியொனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்த அரங்கேறிய அந்தப் படைப்பின் ஆனந்தப் பெருக்கு, கட்டுப்பாட்டையே அறமாகக் கொண்ட சிஷ்யருக்குத் தாங்க முடியாததாயிற்று. மெஸ்ஸியான் வருந்தினார், விலகவில்லை. 1963-இலும் 1964-இலும் அவருடைய புதிய படைப்புகளை முதன்முதலாக நடத்திக் கொடுத்தவர் அதே புலேஸ். அவற்றுள் ஒன்றின் பெயர் 'விண்ணக நகரத்தின் வண்ணங்கள்'.

ஆயினும் இந்தச் சித்திரத்தை முழு வெளிச்சமாகவே எழுதிவிட என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. வித்தை கைமாறிய அளவுக்கு வித்தையின் உயிர் கைமாறியதா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். 1949-இல் மெஸ்ஸியான் பியானோவுக்கு ஒரு சிறு உருப்படி எழுதினார். அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதற்கே உரிய கால அளவும் வன்மை மென்மையும் தொடுகையும் நிர்ணயிக்கப்பட்டிருந்தன. அவருக்கு அது ஒரு பரிசோதனை. அதைக் கேட்ட இளைஞர்கள், ஸ்டாக்ஹவுசன் உட்பட, அதையே வேதமாகக் கொண்டு ஒரு முழு இயக்கத்தைக் கட்டினார்கள். அந்தச் சிறு உருப்படிக்குக் கிடைத்த பெருமதிப்பு மெஸ்ஸியானுக்குக் கடைசிவரை உவப்பாயில்லை. அவருடைய கணக்கு நித்தியத்தை நோக்கி ஏற்றிய விளக்கு. விளக்கை எடுத்துக்கொண்டவர்கள் அது காட்டிய திசையை எடுத்துக்கொள்ளவில்லை. சிஷ்யர்களின் படைப்புகளில் பிரமிக்கத்தக்க அறிவு உண்டு, பயங்கரம் உண்டு, அபூர்வமான அழகும் உண்டு. ஆனால் நால்வர் இசையின் கடைசிப் பகுதியில் வயலின் மேன்மேலும் ஏறிச் செல்லும்போது பெருகுகிற அந்தக் கூச்சமற்ற ஆனந்தத்தை அவர்களில் பெரும்பாலோரிடம் நான் காணவில்லை. கேட்கும் திறமையைக் கொடுக்க முடிந்தது. ஆனந்தத்தைக் கொடுக்க முடியவில்லை. பக்தியில்லாத பாட்டு உயிரற்றது என்ற கட்சியார் இதைத் தமக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுவார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அந்த ஆனந்தம் விசுவாசிகளான மற்ற தேவாலய இசையமைப்பாளர்களிடமும் இப்படிப் பெருகக் காணோம் என்பதுதான். அது ஒரு மனிதருக்கு வாய்த்த அருள். பரம்பரைச் சொத்து அன்று.

இந்த எல்லையை அவரே அறிந்திருந்தார் என்பதற்கு அவருடைய ஒரே இசைநாடகம் போதும். அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸைப் பற்றிய அந்தப் படைப்புக்கு 1975 முதல் எட்டு ஆண்டுகள் உழைத்தார். 1983 நவம்பர் 28-ஆம் தேதி பாரிஸ் ஆப்பெரா அரங்கில் செய்ஜி ஒசாவா நடத்த அது மேடையேறியது. எட்டுக் காட்சிகள், நான்கு மணி நேரம். அதில் தேவதூதன் வந்து பிரான்சிஸுக்கு வயோல் வாசிக்கும் இடத்தில், புனித தோமா அக்குவினாஸின் சிந்தனையைத் தழுவி, சங்கீதம் நம்மைக் கடவுளிடம் அழைத்துச் செல்வது தன்னிடமுள்ள சத்தியத்தின் நிறைவால் அல்ல, குறைவால் என்ற கருத்தை அவர் வைத்திருக்கிறார். தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்த கலையைப் பற்றி, அது சத்தியம் அல்ல, சத்தியமின்மையின் ஏக்கம் என்று ஒருவர் சொல்லத் துணிந்தால், அந்தக் கலையைக் கொண்டு பிறரை மதம் மாற்ற அவர் ஏன் முனைவார்? தேவாலயத்துக்குரிய உண்மையான வழிபாட்டு இசை கிரிகோரியன் கீதம் ஒன்றே என்று அவர் பகிரங்கமாகச் சொன்னதுண்டு. தம் படைப்புகளுக்கு அந்த ஸ்தானத்தைக் கோரவில்லை.

1992 ஏப்ரல் 27-ஆம் தேதி அவர் காலமானார். கடைசிப் பெரும் படைப்பான 'அப்பாலுலகின்மேல் சில மின்னல்கள்' அதே ஆண்டு நவம்பர் மாதம் நியூயார்க்கில், நம் பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா நடத்த முதன்முதலாக ஒலித்தது. தாளத்தையும் கணக்கையும் பற்றி அவர் கற்பித்ததெல்லாம், மனைவி இவோன் லோரியோ செப்பனிட்டு முடிக்க, ஏழு பாகங்கள் கொண்ட நூலாக 1994 முதல் 2002 வரை வெளிவந்தது. அதில் சார்ங்கதேவருக்குச் சிறப்பான இடம் உண்டு. சங்கீத ரத்னாகரத்தின் தேசி தாளங்கள் நம் கச்சேரி வழக்கிலிருந்து மறைந்து நெடுங்காலமாயிற்று. அவற்றுள் மூன்று இன்றும் உயிரோடு ஒலிப்பதைக் கேட்க விரும்பும் தமிழ் ரசிகர்கள், நால்வர் இசையின் முதற் பகுதியைத் தேடி எடுத்து, வயலினையும் கிளாரினெட்டையும் சற்றே ஒதுக்கிவிட்டு, பியானோவின் பின்னால் மாத்திரம் செவியைச் செலுத்திக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன். லயத்தில் பழகிய நம் செவிக்கு அது ஐரோப்பியச் செவியைவிட விரைவில் பிடிபடும்.